சிங்க்கின் வாயும் சுவர்க் குழாயும் நேராக அமையாதபோது

திருகோணமலை உவர்மலையில் உள்ள உங்கள் குசினியில், புதிய சிங்க்கின் கழிவுநீர் வாயும் அந்நீர் வெளியேறும் சுவர்க் குழாயும் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் விலகியிருப்பதாகவும், நெளிகுழாயை இழுத்து மாட்டியதால் மூட்டு கசிவதாகவும் எழுதியிருந்தீர்கள். நெளிகுழாயை அகற்றிவிடுங்கள், அதன் மடிப்புகளில் எண்ணெய் தேங்கி நாற்றமெடுக்கும். சிங்க்கின் கீழுள்ள ‘ப’ வடிவ வளைவின் இரு நட்டுகளையும் தளர்த்தி, வளைவை ஒரு பக்கமும் அதிலிருந்து சுவருக்குச் செல்லும் துண்டை மறுபக்கமும் திருப்பினால், இந்த விலகல் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சுவர்க் குழாய் வளைவின் வெளிவாயைவிட உயரமாக இருந்தால், எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. செலவானாலும் சுவரை உடைத்து அதைத் தாழ்த்துவதே சரி. சுவரை நோக்கிய துண்டு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் அளவில் சரிந்திருக்கட்டும். நட்டுகளைக் கையால் இறுக்குங்கள். சாவியால் நெரித்தால் பிளாஸ்டிக் மரை வெடிக்கும். பின்னர் சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, மூட்டுகளைக் காய்ந்த கடதாசியால் ஒற்றிப் பாருங்கள்.