குறி இடப்பக்கமே விலகுகிறது என்ற கேள்விக்கு

காற்றுத்துப்பாக்கி பழகும் மகள் சுடும் குண்டுகள் இடப்பக்கம் விலகுகின்றன, குறிக்கருவியைத் (துப்பாக்கியின் மேலுள்ள, குறிபார்க்க உதவும் பாகம்) திருத்தியும் சரியாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குறிக்கருவியை இனித் திருகாதீர்கள். மகளின் கால்களைப் பாருங்கள். இன்று திருத்தினால் நாளை வேறு பக்கம் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் நிற்கும் நிலையில்தான். உடல் இலக்குக்கு இடப்புறம் திரும்பியிருக்கிறது, கைவலிமையால் துப்பாக்கியை வலப்புறம் இழுத்துப் பிடிக்கிறாள். விசையை அழுத்தும் நொடியில் தசை தளர, குழல் தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. 12 வயதுத் தோளுக்கு 4 கிலோவுக்கு மேல் எடை என்பது விளையாட்டில்லை.

சோதனை எளிது, ஈயக்குண்டு போடாமலே செய்யலாம். குறிபார்த்து நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் தளர்ந்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுக்கக் கூடாது. பின்காலைச் சிறிது நகர்த்தி, இடுப்போடு சேர்ந்து முழு உடலும் திரும்ப வேண்டும். மேலும் கீழுமாக விலகினால் அது வேறு கதை, மூச்சைக் கவனியுங்கள்.

வலக்கைக்காரியான அவளுக்கு இடக்கண் ஓங்கியிருந்தால், அதாவது குறிபார்க்கையில் மூளை இடக்கண்ணையே அதிகம் நம்பினால், இது மட்டும் போதாது. அக்கண்ணை மறைக்கும் சிறு தகடு தேவைப்படலாம்.

இவை அனைத்தும் சுடுதளத்தில், பயிற்றுநர் முன்னிலையில் மட்டும். சிங்கப்பூரில் காற்றுத்துப்பாக்கியும் சட்டப்படி துப்பாக்கிதான், வீட்டுக் கூடத்தில் பழகும் எண்ணமே வேண்டாம். வீட்டில் வெறுங்கையோடு நிற்கப் பழகட்டும்.