லயத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். சம்சு என்ற மலிவுச் சாராயம் அவரைக் கொண்டுபோய்விட்டது. உளவியலில் பட்டம் முடித்து, மருத்துவச் சமூகப் பணியில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். 'ஏன் இந்தத் துறை' என்று கட்டுரை கேட்கிறார்கள். அப்பாவைப் பற்றி எழுதலாமா? "கெபாஜிக்கான் (அரசு சமூகநல உதவி) பணம் கொடுக்கிற வேலைக்கு மாஸ்டர்ஸ் எதுக்கு?" என்கிறார் மாமா.

வாசகி, பேராக்

அன்பு மகளுக்கு,

முதலில் மாமாவுக்கு. என் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். சமூகப் பணியாளர் ஒருவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வீட்டுல கக்கூசு எங்கம்மா இருக்கு?" லயத்துக்குப் பின்னால், மூன்று படி இறங்கி, இருபது தப்படி. அதுவரை யாரும் கேட்கவில்லை, பெரியம்மாவும் சொல்லவில்லை. வீட்டில் கழிப்பறை நாற்காலியும் பகல் துணைக்கு ஓர் ஆளும் ஏற்பாடான பிறகே அனுப்பினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதற்குத்தான் படிப்பு.

மனநோய், குடி என்று வந்தால் இன்னும் கடினம். 1911-இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரே நம் வாயில் வசைச்சொல். தற்கொலைக்கு முயல்வது 2023 வரை மலேசியாவில் குற்றம். போலீசுக்குப் பயந்து, "தெரியாம பூச்சிமருந்தைக் குடிச்சிட்டான்" என்று வீட்டார் மழுப்புவார்கள். அதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 309 போய்விட்டது, பயம் போகவில்லை. லயத்துத் தமிழில் பேசும் உன்னிடம் அவர்கள் வாய் திறக்கக்கூடும்.

அப்பாவைப் பற்றி எழுது. ஆனால் துயரத்தை அடுக்காதே. ஒரே ஒரு மாலையை எடுத்துக்கொள்: என்ன பார்த்தாய், என்ன செய்தாய், அன்று எது உனக்குப் புரியவில்லை. இன்னொருவரின் அப்பா எதிரே உட்காரும்போது அவரில் உன் அப்பாவையே பார்ப்பாயா என்பதுதான் தேர்வாளர்களின் கவலை. களப்பயிற்சி அதற்காகத்தான். நோயாளியிடம் பேசியதை வரிவரியாக எழுதிக் கொடுப்பாய், மேற்பார்வையாளர் படித்துவிட்டு, "இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்?" என்பார். சம்சு வாடையோடு ஒருவர் வந்து உன் கை நடுங்கினால், அதையும் மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்.

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் சமூகப் பணி கற்பிக்கிறது. எங்கே விண்ணப்பித்தாலும், களத்தில் உன்னை மேற்பார்ப்பது யார், வாரந்தோறும் நேரம் தருவாரா என்று கேட்டுவிட்டுச் சேர். கல்லூரிப் பெயரைவிட எனக்கு அதுவே பெரிது.

கட்டுரையை அனுப்புமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை எடுத்துவிடு.