ஹுமீயா ஒயினில் தோல் வாடை: கெட்டுப்போனதா?

நண்பரே, ஸ்பெயினின் ஹுமீயா பகுதிச் சிவப்பு ஒயினைத் திறந்ததும் பதனிட்ட தோல் (லெதர்) வாடை, 30 டிகிரி அறையில் வைத்துக் குடித்தால் தொண்டை எரிச்சல் என்கிறீர்கள். பாட்டில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஹுமீயாவின் முக்கிய ரகமான மொனாஸ்த்ரெல் திராட்சையின் குணமே அப்படித்தான். பழத்தோல் தடித்தது, தாமதமாகப் பழுக்கும் ரகம். ஹுமீயா இருக்கிற முர்சியா வட்டாரத்து வெயில் மாதிரி சூடு இல்லாவிட்டால் சரியாகக் கனியாது. அந்த வெயிலில் சர்க்கரை ஏறி, ஆல்கஹால் 14, 15 சதவீதத்தைச் சுலபமாகத் தொட்டுவிடும். அதை நீங்கள் சொல்கிற 30 டிகிரி அறையில் வைத்துக் குடித்தால் எரியத்தான் செய்யும்! ஃபிரிட்ஜில் வைத்து 16 டிகிரி அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் வாய் அகன்ற ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றுப்பட விடுங்கள்; வாடை பெரும்பாலும் அடங்கிவிடும். ஆட்டுக்கறியோடு குடித்தால் இன்னும் நன்றாக இருக்கும். வினிகர் நெடியோ, நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ வந்தால் மட்டும் கடையில் திருப்பிக் கொடுங்கள்.