முண்டா, சந்தால், மன்யம்: பழங்குடி எழுச்சிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (சேலம், கல்லூரி மாணவி): பிர்சா முண்டா 25 வயது நிறையுமுன் இறந்தவர். அவர் பின்னால் அத்தனை பேர் திரண்டதற்கு மதம்தான் காரணமா?

பதில்: மதமும் ஒரு காரணம்தான், ஆனால் அதன் அடியில் நிலம் இருந்தது. காட்டைத் திருத்தி ஊரை உண்டாக்கிய குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கே அந்த ஊர் நிலம் கூட்டாகச் சொந்தம் என்பது, சோட்டாநாக்பூர்ப் (இன்றைய ஜார்க்கண்ட்) பழங்குடியினரான முண்டாக்களின் குந்த்கட்டி முறை. ஆங்கிலேய ஆட்சியின் வருவாய் ஏற்பாடும் நீதிமன்றங்களும் வந்த பிறகு, பத்திரம் காட்டத் தெரிந்த ஜமீன்தார்களும் வட்டிக்காரர்களும் நிலத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள, நிலத்தை உண்டாக்கியவர்களின் பேரன்மார் அதே நிலத்தில் கூலியில்லாத வெட்டி வேலை செய்ய வேண்டியதாயிற்று. இவ்வாறு வந்து புகுந்த வெளியாரை முண்டாக்கள் ‘திக்கு’ என்று அழைத்தனர்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பிர்சாவுக்கு முன்பே, ‘சர்தார்கள்’ எனப்பட்ட முண்டாத் தலைவர்கள் பல ஆண்டுகள் மனு எழுதினார்கள், வழக்காடினார்கள், மிஷனரிகளின் உதவியை நாடினார்கள். எதிலும் பயன் கிட்டவில்லை. எனவே 1895-இல், சாய்பாசா மிஷன் பள்ளியில் படித்த ஓர் இளைஞர், தாம் இறைவனின் தூதர் என்றும் இந்த அரசு முடிந்துபோகும் என்றும் சொன்னபோது, ஏமாந்து சலித்திருந்த மக்கள் அதைச் செவிகொடுத்துக் கேட்டது வியப்புக்குரியதன்று. அவ்வாண்டே கைதாகி இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர், விடுதலையான பின் ஊர் ஊராக இரவுக் கூட்டங்கள் நடத்தினார். 1899 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ‘உல்குலான்’ என்னும் பெருங்கிளர்ச்சி வெடித்தது. 1900 ஜனவரி 9 அன்று சைல் ரகப் குன்றில் கூடியிருந்தவர்கள்மீது படையினர் சுட்டதோடு அதன் வேகம் அடங்கியது. பிப்ரவரியில் பிடிபட்ட பிர்சா, ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் இறந்தார். காலரா என்றது அரசு.

கேள்வி (மதுரை வாசகர்): 1857-க்கு முன்பே சந்தால் மக்கள் கிளர்ந்தெழுந்தது ஏன்?

பதில்: இன்றைய ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையடிவாரத்தில் ‘தாமின்-இ-கோ’ என்னும் பகுதியை 1830-களில் எல்லையிட்டு, காடு வெட்டிப் பயிர் செய்ய அவர்களை ஊக்குவித்ததே கிழக்கிந்தியக் கம்பெனிதான். நிலம் விளையத் தொடங்கியதும் தீர்வை ஏறியது. கடன் கொடுத்தவர்கள் வட்டியைப் பெருக்கி அறுவடையை அள்ளிச் சென்றார்கள். கடனுக்கு ஈடாக மனிதர்களே அடிமை வேலைக்குக் கட்டுண்டார்கள். அப்போது இருப்புப்பாதை போட வந்தவர்களின் கொடுமையும் சேர்ந்துகொண்டது. 1855 ஜூன் 30 அன்று போக்நாடி கிராமத்தில் சித்து, கானு, சந்த், பைரவ் என்னும் முர்மு சகோதரர்கள் அழைக்க, சுமார் பத்தாயிரம் பேர் கூடினர். இதுவே ‘ஹூல்’ எழுச்சியின் தொடக்கம். நவம்பரில் இராணுவச் சட்டம் பிறப்பித்துத்தான் அரசால் அதை ஒடுக்க முடிந்தது. ஆயினும் அந்த ஆண்டு முடிவதற்குள், பொதுச் சட்டங்களிலிருந்து விலக்கி சந்தால் பர்கானாவைத் தனி நிர்வாகப் பகுதியாக்கும் சட்டத்தையும் அதே அரசு இயற்ற நேர்ந்தது.

கேள்வி (சென்னை, தேர்வுக்குப் படிப்பவர்): மன்யம் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய அல்லூரி சீதாராம ராஜு பழங்குடியினரா?

பதில்: அல்லர். அவர் சமவெளியின் சத்திரியக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடன் நின்ற காம் கண்டம் தொரா, காம் மல்லு தொரா சகோதரர்கள், இன்றைய ஆந்திரத்தின் ‘மன்யம்’ எனப்படும் மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களைச் சொல்லாமல் ராஜுவை மட்டும் பாடுவது சரியன்று என்பது என் கருத்து. அந்த மலைகள் அன்று சென்னை மாகாணத்துக்குள் இருந்தவை என்பதையும், ‘போடு’ என்னும் காட்டெரிப்பு வேளாண்மையை முடக்கியது 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் என்பதையும் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம். கூடெம் பகுதியில் சாலை போட மலைவாழ் மக்களை அற்பக் கூலிக்கு வாட்டியதும் சினத்தை மூட்டியது. 1922 ஆகஸ்டில் சிந்தப்பள்ளி தொடங்கி மூன்று காவல் நிலையங்களை அடுத்தடுத்துத் தாக்கி ஆயுதங்களைக் கைப்பற்றிய ராஜுவின் படை, ஏறத்தாழ இரண்டாண்டுகள் அரசை அலைக்கழித்தது. 1924 மே 7 அன்று ராஜு சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் கண்டம் தொராவும் வீழ்ந்தார். சிறை சென்று மீண்ட மல்லு தொரா, நாட்டு விடுதலைக்குப் பின் முதல் மக்களவையில் விசாகப்பட்டினத்தின் உறுப்பினராக அமர்ந்தார்.

கேள்வி (கூடலூர் வாசகர்): எங்கள் பக்கத்து வயநாட்டில்?

பதில்: வயநாட்டுப் பழங்குடியினரான குறிச்சியரின் தலைவர் தலக்கல் சந்து, எடச்சேனை குங்கனுடன் சேர்ந்து 1802 அக்டோபரில் பனமரம் கோட்டையைத் தாக்கி, கம்பெனிப் படையினர் சுமார் 70 பேரை வீழ்த்தினார். கம்பெனியை எதிர்த்துப் பழசி ராஜா நடத்திய போரில் இது முதன்மையான வெற்றிகளுள் ஒன்று. தானியமாகச் செலுத்திவந்த வரியைப் பணமாகக் கேட்டதனால் 1812-இல் குறிச்சியர் மீண்டும் எழுந்தனர்.

கேள்வி (திருச்சி ஆசிரியர்): பழங்குடித் தலைவர் திலகா மாஞ்சி அம்பெய்து ஆங்கிலேய அதிகாரி கிளீவ்லண்டைக் கொன்றார் என வகுப்பில் சொல்லலாமா?

பதில்: மக்கள் மரபு அவ்வாறு சொல்கிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள். பாகல்பூர் ஆட்சியரான கிளீவ்லண்ட் 1784-இல் நோயுற்றுக் கப்பல் பயணத்தில் இறந்ததாக ஆங்கிலேயக் குறிப்புகள் கூறுகின்றன. ஆவணம் எழுதியவர்கள் ஒரே தரப்பினர் என்பதனால் மரபைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மரபு என்பதனாலேயே அதை உறுதியான செய்தியாக்கவும் வேண்டியதில்லை. பாகல்பூர்ப் பல்கலைக்கழகம் இன்று திலகா மாஞ்சியின் பெயரையே தாங்கியிருக்கிறது.

கேள்வி (ஈரோடு வழக்கறிஞர்): பிர்சாவின் போராட்டத்தால் வந்த சட்டம் இன்றும் செல்லுமா?

பதில்: செல்லும். 1908-ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் குந்த்கட்டி உரிமையை ஏற்று, பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்குப் போவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வேளாண் நிலத்தைப் பிற வணிகப் பயன்களுக்கும் திறந்துவிடும் வகையில் இதையும் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டத்தையும் திருத்த ஜார்க்கண்ட் அரசு 2016-இல் மசோதாக்களை நிறைவேற்றியபோது, ஊர்தோறும் எதிர்ப்பு எழுந்தது. ஆளுநராக இருந்த திரௌபதி முர்மு, அவரும் சந்தால் இனத்தவரே, 2017-இல் அவற்றைத் திருப்பி அனுப்பினார். அரசும் அவற்றைக் கைவிட்டது.