இலையோட முதுகைக் காட்டுங்க, குடும்பத்தைச் சொல்றேன்

ஃபெர்ன் (பெரணிச் செடி) எந்தக் குடும்பம்னு கேட்டு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி இலையோட மேல்பக்க போட்டோதான். அதை வெச்சு ஒன்னும் சொல்ல முடியாதுங்க. ஃபெர்னுக்குப் பூவும் கிடையாது காயும் கிடையாது, அடிப்பக்கத்துல ஸ்போர் (விதைக்குப் பதிலா பரவுற தூள்) பைங்க கூட்டமா இருக்குமே அந்த சோரஸ் என்ன வடிவம், அதுக்கு மூடி இருக்கா, காம்படியில இருக்குறது செதிலா முடியா, இதெல்லாம் பாத்தாதான் குடும்பம் பிடிபடும்.

கே: தொட்டி ஃபெர்ன் இலைக்கு அடியில வரிசையா பிரவுன் புள்ளி. என்ன மருந்து அடிக்கணும்?

ஐயோ, அடிச்சிடாதீங்க! அது பூச்சி இல்ல, சோரஸ். போட்டோவுல இருக்குறது நெஃப்ரோலெப்பிஸ், ஒவ்வொரு புள்ளி மேலயும் கிட்னி வடிவத்துல ஒரு குட்டி மூடி இருக்கும், பத்து மடங்கு லென்ஸ்ல நல்லாவே தெரியும். செதில் பூச்சின்னா கண்டபடி சிதறிக் கெடக்கும், காம்புலயும் ஏறும், இலை பிசுபிசுன்னு ஒட்டும்.

கே: மலை ரோட்டோரம் ஒரு ஃபெர்ன், கையில வெச்சு அமுக்கினா வெள்ளையா அச்சு விழுது. என்ன குடும்பம்?

டெரிடேசியே. ஆனா ஆள் ரெண்டு பேர்ல ஒருத்தர். ஸ்போர் பைங்க நரம்பு வழியா அடிப்பக்கம் பூரா பரவி, மேல மூடியே இல்லன்னா பிட்டிரோகிராமா, அது அமெரிக்கப் பக்கத்துலேந்து வந்து இங்க பரவுனது. ஓரமா மட்டும் இருந்து, இலை விளிம்பே மடங்கி அதை மூடியிருந்தா அலூரிடாப்டெரிஸ், பழைய புக்குல செய்லாந்தஸ் ஃபாரினோசான்னு இருக்கும். கறுப்பா பளபளன்னு காம்பு இருக்குற அடியாண்டமும் இதே குடும்பம்தான், பாத்தா சொந்தக்காரங்க மாதிரியே இருக்காது, ஆனா நிஜமான மூடி இல்லாம விளிம்பு மடிப்பை மூடியா வெச்சுக்குறது இந்த வீட்டுல நெறைய பேருக்கு உண்டு. பிராக்கன்ங்கற ஃபெர்னுக்கும் விளிம்பு மடங்கும், அதுல ஏமாறாதீங்க, அதோட ரைசோம்ல (படர்ந்து போற தண்டுல) செதில் இருக்காது, முடிதான், குடும்பமும் வேற, டென்ஸ்டீட்டியேசியே.

கே: கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு ஃபெர்ன்னு சொல்றாங்களே, நெஜமா?

நெஜம்தான். டிரைனேரியா குவெர்சிஃபோலியா, பாலிபோடியேசியே குடும்பம். கிழங்கே இல்ல அது, பாறையிலயும் மரத்துலயும் படர்ற ரைசோம், மேல பிரவுன் செதில் அடர்த்தியா மூடியிருக்கறதாலதான் ஆட்டுக்கால் மாதிரி தெரியுது. இலை ரெண்டு வகை: சருகு மாதிரி காஞ்சு ரைசோமை ஒட்டி நின்னு குப்பையைப் புடிச்சு வெக்கிறது ஒன்னு, பச்சையா நீட்டா வர்றது இன்னொன்னு. பச்சை இலைக்கு அடியில உருண்டையா சோரஸ், மூடி சுத்தமா கிடையாது, அதுதான் இந்தக் குடும்பத்துக்கு முத்திரை. சூப் குடிச்சா முட்டிவலி போகுமான்னும் கேட்டிருக்கீங்க, அது டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது. மொத்தமா பேத்து எடுத்துட்டா அந்தப் பாறையில திரும்ப வர நாளாகும், அதை மட்டும் நான் சொல்லுவேன்.

கே: தெலிப்டெரிடேசியே, டிரையாப்டெரிடேசியே ரெண்டு குடும்பமும் ஒரே மாதிரி இருக்கு, குழம்புது.

எல்லாருக்கும் குழம்புறதுதான். காம்பை அடியில பிளேடால குறுக்க வெட்டுங்க. வாஸ்குலர் கட்டு (தண்ணியும் சத்தும் போற குழாய்க் கட்டு) ரெண்டே ரெண்டு, இலையில ஊசி மாதிரி கண்ணாடி முடின்னா தெலிப்டெரிடேசியே. மூணு, அதுக்கு மேல கட்டு வளைவா நின்னு, காம்புல செதில் அடர்த்தியா இருந்தா டிரையாப்டெரிடேசியே. ஆனா ரெண்டு கட்டு பாத்ததும் எழுதிடாதீங்க, அதிரியேசியே குடும்பத்துக்கும் ரெண்டுதான், அங்க ஊசி முடி இருக்காது, சோரஸும் பொதுவா நீளமா இல்லன்னா கொக்கி மாதிரி வளைஞ்சு இருக்கும்.

கே: ஃபெர்ன் அல்லைஸ்னா இப்போ எதெல்லாம்?

ஃபெர்ன் மாதிரியே ஸ்போர் விட்டுப் பரவுனாலும் ஃபெர்ன் இல்லன்னு தனியா ஒதுக்கி வெச்ச செடிங்களுக்குப் பழைய பேரு அது. இப்போ அந்தப் பெட்டியையே ஒடச்சுட்டாங்க. டிஎன்ஏ பாத்தப்புறம் ஈக்விசீட்டமும் சைலோட்டமும் ஃபெர்ன் பக்கம் வந்துடுச்சு, லைக்கோபோடியம், செலாஜினெல்லா, ஐசோயீட்டிஸ் தனிக் கிளை. 2016 வகைப்பாட்டுல எல்லாம் சேத்து 51 குடும்பம். ஃபீல்டுல பிரிக்கிறது ஈஸி: கணு கணுவா குழாய்த் தண்டு ஈக்விசீட்டம், இலையே இல்லாத மாதிரி கவட்டை கவட்டையா பிரிஞ்சு மஞ்சக் குண்டு இருந்தா சைலோட்டம், பெரிசு ரெண்டு வரிசை சின்னது ரெண்டு வரிசைன்னு இலை இருந்தா பெரும்பாலும் செலாஜினெல்லா.

கே: நீராரை, புளியாரை ரெண்டுமே ஃபெர்னா?

நீராரை மட்டும், மார்சிலியேசியே. நாலு சிற்றிலை, குருத்து சுருண்டு வரும், தண்ணி வத்துறப்போ காம்படியில பயறு மாதிரி கெட்டியா ஸ்போர் கூடு வெக்கும். புளியாரை மூணு இலை, மஞ்சளா பூக்கும், ஆக்சாலிஸ் அது.