மாலைதீவுக்கு எப்போது, எப்படி?

கேள்வி: குடும்பத்தோடு மாலைதீவு செல்ல விரும்புகிறோம். எங்களைப் போன்றோருக்குச் செலவு கட்டுப்படியாகுமா?
– வாசகி, கல்முனை

பதில்: கட்டுப்படியாகும். 30 நாள் விசாவை விமான நிலையத்திலேயே கட்டணமின்றித் தருகிறார்கள். ஏறத்தாழ 1,190 பவளத்தீவுகளில் மக்கள் வாழ்பவை 200 அளவில்தான். ஆடம்பர விடுதிக்கென்றே ஒதுக்கப்பட்ட தீவுகளைத் தவிர்த்து, 2009க்குப் பின் ஊர்மக்கள் வாழும் தீவுகளில் பெருகிய சிறு விடுதிகளில் தங்கினால் செலவு வெகுவாகக் குறையும். அத்தீவுகளுக்கான பொதுப் படகுகள் மலிவானவை, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடுவதில்லை என்பதை மறந்து பலர் தலைநகர் மாலேயில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

காலையில் மாஸ் ஹூனி கேளுங்கள். சூரைமீனை உதிர்த்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துக் கையால் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். மாசிச் சம்பலுக்குப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாரிமழை கொட்டும் ஜனவரியில் அங்கே பொதுவாக வறண்ட காலமாகையால், பள்ளி விடுமுறை இடங்கொடுத்தால் அப்போதே புறப்படுங்கள்.