புழுதி நெல் வெளுக்கிறதா? யூரியா போடும் முன் குருத்தைப் பாருங்கள்

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் மானாவாரியில் புழுதி விதைப்பாக (காய்ந்த மண்ணில் நேரடியாக விதைத்து) நெல் போட்டிருக்கிறேன். 25 நாள் பயிர். மழை தள்ளிப்போனதால் வயலில் தண்ணீர் கட்டவில்லை. பயிர் திட்டுத்திட்டாக வெளுக்கிறது. யூரியா போட்டும் பச்சை கட்டவில்லை. என்ன குறை?

பதில்: எந்த இலை வெளுக்கிறது என்று முதலில் பாருங்கள். யூரியா தருகிற தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். குருத்து பச்சையாகவே இருக்கும். அடி இலை பச்சையாக இருக்க, குருத்தும் அதற்கடுத்த இலையும் நரம்புக்கு நடுவே வெளிறி, போகப்போக முழுக்க வெள்ளையானால் அது இரும்புச்சத்துக் குறை. யூரியாவுக்கு அசையாத புழுதிப் பயிரில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடி இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் வந்தால் துத்தநாகக் குறை.

மண்ணில் இரும்பு நிறையவே இருக்கும். தண்ணீர் தேங்கிய வயலில் காற்றோட்டம் இல்லாததால் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். புழுதி வயலில் துருவாகவே கிடக்கும். சுண்ணாம்பு கலந்த, கார அமில நிலை (pH) 8-ஐத் தாண்டிய மண்ணில் இன்னும் மோசம். மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) இதே கதிதான்: தண்ணீர் நிற்காதவரை இரும்போடு பிணைந்த மணிச்சத்து விடுபடாது. நஞ்சையில் தானாகக் கிடைக்கிற சத்து, மானாவாரியில் அப்படிக் கிடைப்பதில்லை. யூரியாவும் காற்றோட்டமான மண்ணில் நைட்ரேட்டாக மாறிவிடும். வேர் அதை உறிஞ்சும்போது வேரடியில் காரத்தன்மை ஏறி, இரும்பு கிடைப்பது மேலும் குறையும். அதனால் இப்போதைக்கு யூரியாவை நிறுத்துங்கள்.

அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) இலைவழியாகத் தெளிப்பதுதான் கைகொடுக்கும். 10 லிட்டர் டேங்குக்கு 10 கிராம் சிட்ரிக் அமிலம், 100 கிராம் அன்னபேதி. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல். சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைப்பது முக்கியம். உப்புத் தண்ணீரில் அன்னபேதியை நேரடியாகப் போட்டால் சற்று நேரத்தில் செம்பழுப்பாகத் திரியும். அது பயிருக்கு உதவாது, நாசிலையும் அடைக்கும். கரைசல் வெளிர்பச்சையாக இருக்கும்போதே, மாலை 4 மணிக்கு மேல், ஒட்டும் திரவம் கலந்து தெளியுங்கள். அளவைக் கூட்டினால் இலை கருகும்.

முதலில் ஒரு பாத்தியில் மட்டும் அடித்துப் பாருங்கள். நாலைந்து நாளில், துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் பொட்டுகள் தெரிந்தால் இரும்புக் குறை உறுதி. இலைக்குள் இரும்பு எளிதில் நகராது. அதனால் புதுக்குருத்து மறுபடி வெளுப்பாகவே வரலாம். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று தடவை தெளிக்க வேண்டும். இடையில் நல்ல மழை பெய்து தண்ணீர் நின்றுவிட்டால் பயிர் தானே தேறும்.

அடுத்த பருவத்துக்கு இப்போதே மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். கார அமில நிலை, சுண்ணாம்பு, இரும்பு, துத்தநாகம் நான்கையும் கேளுங்கள். பரிந்துரை கைக்கு வரும்வரை, மானாவாரி நெல்லுக்குப் பொதுவான அளவு ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் முறையே 20, 10, 10 கிலோ. 62 கிலோ சூப்பர் பாஸ்பேட்டை 300 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு ஈரமாகக் கலந்து, குவித்து மூடி ஒரு மாதம் வைத்திருந்து, விதைக்கும்போது அடியுரமாக இடுங்கள். தனியாகத் தூவிய மணிச்சத்தைச் சுண்ணாம்பு மண் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 17 கிலோ பொட்டாஷையும் அப்போதே போடலாம். அன்னபேதி 20 கிலோவையும் தொழுவுரத்தில் கலந்துதான் போட வேண்டும், ஆனால் வேறு குவியலில். துத்தநாகக் குறை இருந்தால் 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். சூப்பரோடு சேர்க்க வேண்டாம்.

யூரியா மொத்தம் 43 கிலோ. அதைப் பாதிப்பாதியாக, களை எடுத்தபின், மண் நன்றாக நனைந்திருக்கும்போது 20 முதல் 25 நாளிலும் 40 முதல் 45 நாளிலும் போடுங்கள். மழை தள்ளிப்போனால் உரத்தையும் தள்ளிப்போடுங்கள். காய்ந்த காரமண்ணில் தூவிய யூரியா அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும்.